கூகுள்ல முதலிடம் வந்தா போதுமா?

தீபாவளி நெருங்கினாலே ஆமத்தூர் பக்கத்துப் பசங்க என்கிட்ட கேட்கிறது இதுதான்: "அண்ணே, சம்பளத்துல மிச்சம் பிடிச்சு பட்டாசு வெப்சைட் ஆரம்பிச்சிருக்கேன். எஸ்.இ.ஓ.வுக்கு 40,000 ரூபாய் கேட்கிறாங்க. கொடுக்கலாமா?"

என் பதில்: வேண்டாம் தம்பி.

ஃபிளிப்கார்ட், அமேசான் உட்பட எந்த விற்பனைத் தளமும் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் எடுக்கக் கூடாதுன்னு 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்புறம் டிராஃபிக் கூடினா என்ன கூடும்? சிக்கல்தான்! போட்ட பணம் போனாலும், தொழில் நஷ்டத்தைச் சம்பள வருமானத்துல கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது.

"முதலிடம் கேரண்டி"ன்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. அந்த உறுதியை யாராலும் தர முடியாதுன்னு கூகுளே சொல்லுது.

வெப்சைட் வச்சு சம்பாதிக்கணுமா? சிவகாசி காலண்டர், டைரி அச்சுத் தொழில் இருக்கே! அலுவலகம் இருந்தா கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். சைஸ், விலை, குறைந்தபட்ச ஆர்டர், டெலிவரி நாள்னு வாடிக்கையாளர் போன்ல கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் தளத்துல தெளிவா பதில் எழுதுங்க. நல்ல எஸ்.இ.ஓ. அங்கேதான் தொடங்குது.

விற்க அனுமதி இருக்கான்னு முதல்ல பாருங்க. கூகுள்ல இடம் பிடிக்கிறது அப்புறம்.