நான்கு தம்பதிகளும் ஒரு கப்பலும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் போகும் சாலையில், நகரத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது வேங்கிக்கால். ஜில்லா கலெக்டர் கச்சேரி அங்கேதான் இருப்பதால், மனுவும் கையுமாக நிற்கிறவர்களை எந்த நாளிலும் காணலாம். சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலையில், மனு ஒன்றும் இல்லாமல், வேலூர் பஸ்ஸுக்காக நாம் அங்கே காத்திருந்தோம். அண்ணாமலையின் சிகரத்தில் அப்போதுதான் வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு கிழவியும் அவளுடைய மகனும் நின்றார்கள். மகன் கையில் எக்ஸ்ரே படங்கள் அடங்கிய பை.

"எங்கே அம்மா பிரயாணம்?" என்று விசாரித்தோம்.

"வேலூருக்குத்தான் சாமி, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு. இவனுக்கு நெஞ்சுல வலி."

"அந்த ஆஸ்பத்திரியை யார் கட்டினார்கள், தெரியுமா?"

"யாரோ வெள்ளைக்கார அம்மான்னு சொல்லுவாங்க. ஆனா, அவங்க நம்ம பக்கத்துலயே பொறந்தவங்களாம்!"

கிழவி சொன்னது முற்றிலும் உண்மை. டாக்டர் ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் மாண்டதைக் கண்டு அவர் மனம் மாறிய வரலாற்றை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததனால் போன உயிர்கள் அவை. ஆனால் அந்த அம்மாளை ராணிப்பேட்டையில் பிறக்க வைத்த கதை அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பு, நியூயார்க் நகரத்தில் தொடங்குகிறது. பஸ்ஸில் போகும்போது நம் மனம் அந்தக் கதையையே சுற்றிக்கொண்டிருந்தது.

ஜான் ஸ்கடர் என்ற இளம் டாக்டர் நியூயார்க்கில் நல்ல பெயரோடு வைத்தியம் செய்து வந்தார். மனைவி ஹாரியட்; கைக்குழந்தை ஒன்று. ஒரு நாள் நோயாளி ஒருவர் வீட்டில் காத்திருந்தபோது, மேஜைமேல் கிடந்த ஒரு சிறு பிரசுரத்தை எடுத்துப் புரட்டினார். 1818-ல் வெளிவந்த அந்தப் பிரசுரம், கிறிஸ்துவை அறியாத அறுபது கோடி ஜனங்களைப்பற்றிப் பேசிற்று. அந்த அறுபது கோடியில் நம்முடைய முப்பாட்டனார்களும் அடக்கம்! கார்த்திகை தீபத்தைத் தரிசித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களை, கடைத்தேற வழியில்லாமல் தவிப்பவர்கள் என்று யாரோ கடலுக்கு அப்பால் கணக்கெழுதிவிட்டார்கள். நம்மைக் கேளாமல் எழுதிய கணக்குத்தான்.

ஆயினும் எழுதியவரைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆசிரியர் இருவரில் ஒருவரான சாமுவேல் நியூவெல், 1812-ல் இளம் மனைவியோடு கல்கத்தாவுக்கு வந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்களைத் தங்க விடவில்லை. மோரீசுக்குப் போகும் வழியில், கப்பலிலே பிறந்த குழந்தை இறந்தது. மோரீசை அடைந்தபின் மனைவியும் இறந்தாள். அவளுக்கு அப்போது வயது பத்தொன்பது. இத்தனையும் இழந்த ஒருவர் எழுதியதை, இன்னும் எதையும் இழக்காத ஒருவர் வாசித்தார்.

டாக்டர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். ஹாரியட் அம்மாள் தலையை ஆட்டி மறுத்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அவள் சம்மதித்தாள். சம்மதிக்காதவர் டாக்டரின் தகப்பனார். மகனுக்குச் சொத்தில் பங்கு கிடையாது என்று சொல்லிவிட்டார்.

1819-ம் வருஷம் ஜூன் 8-ந் தேதி பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஒரு பாய்க்கப்பல் புறப்பட்டது. கப்பலின் பெயர் இண்டஸ். அதாவது நம்முடைய சிந்து நதியின் பெயர். அதில் ஏறியவர்கள் நான்கு தம்பதிகள்: ஸ்கடர், வின்ஸ்லோ, ஸ்பால்டிங், உட்வர்ட். மைரன் வின்ஸ்லோவுக்குக் கலியாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய மனைவியின் பெயரும் ஹாரியட்தான்.

இவர்கள் எவ்வாறு தயாரானார்கள்? பைபிள் படித்திருந்தார்கள், ஒருவர் வைத்தியமும் படித்திருந்தார். பந்துமித்திரர்களிடம் விடை பெற்றார்கள். அந்த நாளில் அப்படி விடை பெறுவது பெரும்பாலும் கடைசி விடைதான். ஆனால், எந்த ஜனங்களிடம் போகிறார்களோ அந்த ஜனங்களின் பாஷையைக் கற்றுக்கொடுக்க அங்கே பள்ளிக்கூடம் இல்லை. போதிப்பதற்குத் தயாராகி வந்தார்களே தவிர, கேட்பதற்குத் தயாராகி வரவில்லை.

நான்கு மாதங்களுக்கு மேல் கடலில் கழித்துக் கல்கத்தாவில் இறங்கியதும் ஸ்கடர் தம்பதிகளின் குழந்தை இறந்துவிட்டது. பிறகு யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள். கம்பெனியார் அமெரிக்கர்களைக் கண்டு முகம் சுளித்த அந்தக் காலத்தில் இலங்கையில் இடம் கிடைத்ததனால், 1816 முதலே அவர்களுடைய மிஷன் அங்கே நடந்து வந்தது. அங்கே பிறந்த அடுத்த குழந்தையும் நிலைக்கவில்லை.

உண்மையான தயாரிப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று. உலகத்துக்கு உபதேசம் செய்ய வந்தவர்கள் தமிழ் உபாத்தியாயர்களின் முன்னால் உட்கார்ந்து 'அ'னா 'ஆ'வன்னா எழுதிப் பழகினார்கள். ழகரம் நாவில் புரளாமல் திண்டாடியிருப்பார்கள். நம் வீட்டுக் குழந்தைகளே இன்று திண்டாடும்போது அவர்களைச் சொல்வானேன்!

அந்தத் திண்டாட்டத்தின் பலனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். வின்ஸ்லோ பல ஆண்டுகள் உழைத்து, தமிழ்ப் பண்டிதர்களின் துணையோடு, 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை 1862-ல் சென்னையில் வெளியிட்டார். சைவர், வைணவர், நாஸ்திகர் என்ற பேதமின்றித் தமிழ் ஆராய்கிறவர்கள் எல்லோரும் புரட்டிய புத்தகம் அது. அவர் மனைவி 1824-ல் உடுவிலில் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாள். 1833-ல் காலமான அந்த அம்மாள் கணவருடைய அகராதியைக் கண்ணால் பார்க்கவில்லை. ஸ்கடர் பண்டத்தரிப்பில் நோயாளிகளைப் பார்த்தார். 1836-ல் சென்னைக்கு வந்தார். ஹாரியட் ஸ்கடர் 1849-ல் சென்னையிலேயே கண்மூடினாள். அவர்களுடைய புதல்வர்கள் எழுவர் இந்தியாவிலேயே ஊழியம் செய்தார்கள். அவர்களில் மூவர் சேர்ந்து 1853-ல் ஆற்காடு மிஷனை ஏற்படுத்தினார்கள். பேத்தி ஐடா 1900-ல் டாக்டராக வேலூர் வந்து, 1902-ல் ஆஸ்பத்திரியும், 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளியும் கண்டார். 1947-ல் ஆண் மாணவர்களும் அங்கே சேர்க்கப்பட்டார்கள்.

இதையெல்லாம் நாம் எழுதுவது, மதமாற்ற முயற்சிக்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்குவதற்காக அல்ல. சேவையைத் தூண்டில் புழுவாக்கக்கூடாது என்று காந்தியடிகள் மிஷனரிகளிடம் பல தடவை நேரிலேயே சொல்லியிருக்கிறார். அது நியாயமான பேச்சு. யாழ்ப்பாணத்திலும் ஆறுமுக நாவலர் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் நிறுவி, மிஷனரிகளின் ஆயுதங்களைக் கொண்டே அவர்களுக்குப் பதில் சொன்னார். அதுவும் நியாயமான பதில். அறுபது கோடிக் கணக்கு என்னவாயிற்று என்று இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அகராதி நிற்கிறது. உடுவில் பள்ளிக்கூடம் நிற்கிறது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு நம் கிழவி விடியுமுன் பஸ்ஸுக்கு நிற்கிறாள். அவர்கள் கொண்டுவந்த முடிவுகளைவிட, இங்கே வந்து கண்ட தேவைகளுக்காகச் செய்த காரியங்களே நீடித்திருக்கின்றன.

நம்மவர்கள் இவ்வாறு கடல் கடந்ததில்லையா என்றால், உண்டு. 1903-ல் தெலுங்கு பாப்டிஸ்ட் சபையார், வெளிநாட்டு மிஷன் ஒன்று அனுப்பட்டும் என்று காத்திராமல், ஜான் ரங்கையாவையும் அவர் மனைவி கனகம்மாவையும் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தக் கூலிகளாகப் போய்க் கரும்புத் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழன்ற தெலுங்கு மக்களிடையே அந்தத் தம்பதிகள் வேலை செய்தார்கள். பாஷை கற்க வேண்டிய சிரமம் அவர்களுக்கு இல்லை. பிறந்த மண்ணைவிட்டு, கூலிகள் என்று இகழப்பட்டவர்கள் நடுவே குடித்தனம் செய்யத் துணிய வேண்டியிருந்தது. அந்தத் துணிவு ரங்கையாவுக்கு மட்டும் இருந்தால் போதாது; கனகம்மாவுக்கும் இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தைத்தான் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். ஊருக்கு உழைக்கப் போகிறவரைப்பற்றி எழுதுகிறவர்கள், அவருடைய இல்லத்தில் நடந்த சம்பாஷணையை எழுதுவதில்லை. வழியில் சாகும் குழந்தைக்குத் தாய் யார்? ஐம்பது ரூபாயில் குடும்பம் நடத்த வேண்டியவள் யார்? இருவரும் சேர்ந்து தீர்மானித்தால்தான் அது தயாரிப்பு.

திருவண்ணாமலை ஜில்லாவிலேயே ஜவ்வாது மலை இருக்கிறது. நம்முடைய நேயர்களில் ஒருவர் வீட்டில் மகனும் மருமகளும் டாக்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். மலைமேல் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகும்படி உத்தரவு வருகிறது. அன்று இரவு சாப்பாட்டின்போது அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "அங்கே குழந்தைக்கு நல்ல பள்ளிக்கூடம் உண்டா?" என்று தாயார் கேட்பாள். "மாற்றிக்கொள்ள யாரைப் பார்க்கலாம்?" என்று தகப்பனார் கேட்பார். இரண்டும் தப்பான கேள்விகள் அல்ல. அன்பினால் எழுந்த கேள்விகளே. ஆனால், "அங்கே ஜனங்களுக்கு என்ன வியாதி? அவர்கள் பேச்சு நமக்கு விளங்குமா?" என்ற கேள்வியையும் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது ஒருவர் கேட்க வேண்டாமா?

பஸ் போளூரைத் தாண்டியபோது கிழவி தன் மகன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மகன் எக்ஸ்ரே பையை மடியில் வைத்து, அது மடங்காமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.