மடு மாதா வெளிக்கிட்டது பிழையா?

2008 ஏப்ரலில் மடுக் கோயிலில் இருந்த மாதாவின் சொரூபத்தைக் குருமார் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனது சரியோ பிழையோ என்று இன்னும் வாக்குவாதப்படுகிற ஆக்கள் இருக்கினம். "எத்தினை சண்டைக்குள்ளயும் மாதா அசையேல்லை, குருமார்தான் பயந்து கிளப்பிக்கொண்டு போனவை" என்பது ஒரு கட்சி. புலிகள் சொல்லித்தான் போனது என்பது தெற்கில் இருந்து வந்த கதை. இரண்டு கதையிலும் சனம் இல்லை, அதைக் கவனிச்சீங்களோ?

என்னைக் கேட்டால் குருமார் செய்தது சரி. ஏனென்று சொல்கிறேன்.

மாதா மடுவில் பிறக்கவில்லையே! ஒல்லாந்தர் 1658 இல் மன்னாரைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வேதத்துக்குத் தடை. கோயில்கள் பறிபோயின, குருமார் ஒளித்துத் திரிந்தார்கள். 1670 அளவில் மாந்தைப் பக்கத்தில் இருந்து 20 குடும்பங்கள் சொரூபத்தையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி வந்து மருதமடுவில் குந்தின என்றுதான் வழிவழியாகச் சொல்கிறார்கள். பாம்பும் காய்ச்சலும் உள்ள காடு. பாம்புக்கடிக்கு மடு மண் என்ற நம்பிக்கை இன்றைக்கும் இருக்கு. மாந்தையில் இருந்து ஓடி வந்ததைக் கோழைத்தனம் என்று ஒருத்தரும் சொல்வதில்லை, அதைப் புனித வரலாறு என்று கொண்டாடுகிறோம். பிறகேன் 2008 மட்டும் பிழை?

1924 முடிசூட்டு விழா, 1944 அபிஷேகம், ஆடிக்கும் ஆவணிக்கும் வருகிற சனம், தமிழும் சிங்களமும் கலந்து காட்டுக்குள் கொட்டில் போட்டுச் சமைத்துக் கிடந்தது... இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது 1990க்குப் பிறகு நடந்தது.

அந்த வருசம் சண்டை திரும்பத் தொடங்க, இடம்பெயர்ந்த சனம் மடுவுக்கு வந்து குவிந்தது. ஐ.நா. அகதிகள் அமைப்பு அங்கே ஒரு திறந்த நிவாரண நிலையம் நடத்தியது. திருவிழாவுக்குப் போட்ட கொட்டிலெல்லாம் வீடாகிப் போச்சு. மடு காப்பாத்தும் என்று சனம் நம்பினதுக்கு மாதா ஒரு காரணம். இரண்டு பகுதியும் அந்த இடத்தைத் தொடமாட்டாங்கள் என்ற எழுதாத உடன்பாடு இன்னொரு காரணம். சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் ஷெல்லுக்குத் தாங்காது. அந்த உடன்பாடு இருக்கும் வரைக்கும்தான் அது புகலிடம்.

அது 1999 இல் உடைந்தது. மார்ச்சில் இராணுவம் மடுவைப் பிடித்தது. நவம்பரில் புலிகளின் 'ஓயாத அலைகள் 3' அந்தப் பக்கம் வந்தது. நவம்பர் 20, கோயில் வளாகத்தில் ஷெல் விழுந்து சுமார் 40 பேர் செத்தார்கள். குழந்தைகளும்தான். நீ அடித்தாய், நான் இல்லை என்று இரண்டு பகுதியும் மாறி மாறிச் சொன்னது. அன்றைக்கு மாதா அங்கேதான் இருந்தா. மாதா இருந்தால் அடிக்கமாட்டாங்கள் என்கிறவர்கள் இதுக்கு என்ன சொல்லுவினம்?

மடுவை ஆயுதம் இல்லாத பிரதேசமாக்குங்கோ என்று ஆயர் இராயப்பு யோசப் (2021 இல் காலமானவர்) கேட்டுக்கொண்டே இருந்தார். யார் கேட்டது? 2008 இல் சண்டை திரும்பவும் கோயில் வாசலுக்கு வந்தபோது, 1999ஐக் கண்ட ஒரு குரு என்ன செய்வார்? சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் போன பக்கம் போவார். மாந்தைச் சனம் செய்ததும் அதைத்தானே. ஏப்ரல் கடைசியில் மடு இராணுவத்தின் கைக்குப் போனது.

ஆவணியில் மாதா மடுவுக்குத் திரும்பி வந்தா. எனக்கு உறுத்துவது அதுக்குப் பிறகுதான். மன்னாரின் வடக்குப் பக்கத்துச் சனம் சண்டைக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போனது. சொரூபம் நாலு மாதத்தில் வீடு வந்தது. அதுகளில் எத்தனையோ பேர் வரவேயில்லை. நாங்கள் விவாதிப்பதோ சொரூபத்தைத் தூக்கினது யார் என்று!

2013 இல் மடு றோட் வரைக்கும் ரயில் திரும்ப ஓடினது. 2015 சனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கே வந்து போனார். ஆவணிக்குத் தெற்கில் இருந்தும் சனம் வருகுது, நல்ல விசயம், வரட்டும். வாறவர்களுக்கு 1670 கதையைச் சொல்வது சுகம். ஒல்லாந்தர் ஒருத்தரும் பக்கத்தில் நின்று கோவிக்கப்போவதில்லை. 1999 நவம்பரை அதே கோயில் வாசலில் நின்று, தமிழிலும் சிங்களத்திலும், இரண்டு பகுதியையும் மறைக்காமல் எப்படிச் சொல்லப்போறம்? அதுக்கு யோசனை இருக்கிறவர்கள் எழுதுங்கோ.