ஓடுகிற பிள்ளையிடம் அணியைக் கொடுக்கலாமா?

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை மணி என்றால் எனக்கு பால்டிமோர் போன். புனேயில் நாங்கள் டீயை முடித்துவிட்டு உட்காருவோம், அங்கே அவர்கள் காலைக் காபியோடு உட்காருவார்கள். குளிர்காலத்தில் முதல் பத்து நிமிடம் ஆணி எதுவும் கிடையாது. முந்தின நாள் ஃபுட்பால் ஆட்டம் மட்டும்தான் பேச்சு. ஆரம்பத்தில் ஒன்றும் புரியாமல் 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன் (போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்!). பிறகு, தெரியாததற்குத் தலையாட்டுவானேன் என்று ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். இப்போது வீட்டில் எனக்குப் பைத்தியக்காரப் பட்டம்.

அந்தப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். பால்டிமோரிலேயே பிறந்து வளர்ந்தவர். 2025 ஜனவரி 19 அன்று அவருடைய ரேவன்ஸ் அணி பஃபலோவின் பனியில் 27-25 என்று தோற்று வெளியேறியது. மறுநாள் அங்கே மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை. செவ்வாய்க்கிழமை பேசினோம். பெரியவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "நல்ல பையன், நல்லா ஓடுவான். ஆனா ஓடுறவன் அணியை நடத்த முடியாதுப்பா." ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்குக் கேட்டது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் குரலில்.

அன்றிலிருந்து அவரோடு மனசுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். இன்று இறக்கி வைத்துவிடுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குவார்ட்டர்பேக் என்றதும் டாஸ்மாக் வாசலில் போய் நிற்காதீர்கள் :-) பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு (நம் ஜவுளிக்கடை கெஜம்தான்) முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னொரு 4 வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் கைக்கு. எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த மூன்று விநாடியும், 120 கிலோ ஆட்கள் நாலைந்து பேர் அவரைச் சாய்க்க வந்துகொண்டிருப்பார்கள். சமையல்காரர், பந்தி விசாரிப்பவர், கல்யாண வீட்டுக்காரர் எல்லாம் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இலக்கணப்படி நல்ல குவார்ட்டர்பேக் என்பவர் தன் ஆட்கள் கட்டிய அரணுக்குள் நிதானமாக நின்று தூரமாக எறிகிறவர். பெரியவரின் தெய்வம் ஜானி யுனைட்டஸ். 1956-லிருந்து பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கு ஆடியவர். இன்றும் ரேவன்ஸ் மைதான வாசலில் அவருக்குச் சிலை உண்டு. அந்தச் சிலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, பந்தைத் தூக்கிக்கொண்டு தானே ஓடுகிறவன் பயந்து ஓடுகிறவனாகத்தான் தெரிவான். அவரைக் குறை சொல்லவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். குவார்ட்டர்பேக் பந்தை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தால், தாக்கும் அணியில் 10 பேர்தான் வேலை செய்கிறார்கள். தடுக்கிற பக்கம் 11 பேர். அவரும் ஓடக்கூடியவர் என்றால் 11-க்கு 11. அவர் பந்தைப் பக்கத்து ஆளின் வயிற்றருகே நீட்டியபடியே, எதிரணியில் வேண்டுமென்றே தடுக்காமல் விட்ட ஒரே ஒருவனைக் கவனிப்பார். அவன் உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓட்டம். அவன் வெளியே காத்து நின்றால் பந்து பக்கத்து ஆளுக்கு. அரை விநாடி வேலை. இதைக் 'கால் திறமை' என்கிறார்கள். எனக்கென்னவோ தலை திறமை என்றுதான் படுகிறது.

லமார் ஜாக்சன் கதை இங்கேதான் வருகிறது. 2016-ல் கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பரிசான ஹைஸ்மன் வாங்கியவர். 2018-ல் என்.எஃப்.எல். அணிகள் ஆள் எடுத்தபோது, அவருக்கு முன்னால் நான்கு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். 25-வது இடத்தில் ரேவன்ஸே வேறொருவரை எடுத்தது. கடைசியில் இன்னொரு அணியிடம் இடம் வாங்கி, முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-வதாக, இவரை எடுத்தார்கள். அதற்கு முன்பே பில் போலியன் என்ற பழம்பெரும் நிர்வாகி, 'இந்தப் பையன் பந்து பிடிக்கிற இடத்துக்குப் போகட்டும்' என்று சொல்லியாகிவிட்டது. ஜாக்சன் என்ன செய்தார் தெரியுமா? திறன் சோதனையில் எல்லோரும் ஓடிக் காட்டும் 40 யார்டு ஓட்டத்தை ஓடவில்லை. அந்தக் கூட்டத்திலேயே வேகமான பையன்களில் ஒருவன் ஓட மாட்டேன் என்கிறான். ஓடினால் 'அடடா, இவனை ஓடவே விடலாம்' என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். 21 வயதுப் பிள்ளைக்கு இந்தத் தெளிவு போதாதா?

அந்த நவம்பரில் ஜோ ஃப்ளாக்கோவுக்குக் காயம். சூப்பர் பௌல் வென்று கொடுத்த மூத்தவர் அவர். பையன் உள்ளே வந்தான். லீகில் மிச்சமிருந்த 7 ஆட்டத்தில் 6 வெற்றி. பிறகு 2019 ஜனவரி 6, நாக்-அவுட் ஆட்டம். அதுவரை அந்த லீகில் அவ்வளவு சின்ன வயதில் யாரும் நாக்-அவுட் ஆட்டத்தைத் தொடங்கியதில்லை. தடுமாறினான், பந்தைத் தவறவிட்டான், சொந்த மைதானத்திலேயே ஊளைச் சத்தம். 23-17 தோல்வி. மறுநாள் அவனுக்கு 22-வது பிறந்தநாள்.

அந்த இடத்தில் அணி செய்த காரியத்துக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். 'பழைய மாதிரி ஆடக் கற்றுக்கொள்' என்று பையனைத் திருத்தாமல், ஆட்ட முறையையே அவனுக்காகப் பிரித்துக் கட்டினார்கள். அடுத்த சீசனில் 14 வெற்றி, 2 தோல்வி. அணி ஓடியே சேர்த்தது 3,296 யார்டு, லீக் வரலாற்றில் எந்த அணியும் ஒரு சீசனில் எட்டாத தொகை. ஜாக்சன் மட்டும் 1,206. மைக்கேல் விக் 2006-ல் வைத்த 1,039-ஐத் தாண்டியாயிற்று. அந்த வருடம் லீகிலேயே அதிக டச்டவுன் எறிந்தவரும் அவர்தான், 36. 'எறியத் தெரியாது' என்றவர்கள் இதைத்தான் விழுங்கக் கஷ்டப்பட்டார்கள். ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் அவருக்கே எம்.வி.பி. கொடுத்தார்கள். போலியனும் தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டார்.

'ஓட்டக்காரன்' என்ற சொல்லுக்குள் இன்னொரு சொல் ஒளிந்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும். 1968-ல் மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பின இளைஞர் டென்வருக்காக 14 டச்டவுன் எறிந்தார். அடுத்த வருடம் அந்த இடத்துக்குப் போட்டிபோடக்கூட வாய்ப்பில்லை. வேறு அணிக்குப் போய்ப் பந்து பிடிக்கிறவராக மாறினார். வாரன் மூன் 1978-ல் எந்த அணியும் எடுக்காமல் கனடா போய், 5 கோப்பை ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்தார். 'வேகம் இருக்கு, விவேகம் போதாது' என்று ஒருத்தனைச் சொல்லும்போது நிஜமாகவே அவன் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்கிறோமா, ஆளைப் பார்த்துச் சொல்கிறோமா? ஜாக்சனோடு அதே 2018-ல் 7-வது ஆளாகப் போனவர் ஜாஷ் ஆலன். வெள்ளையர். அவரும் முட்டி மோதி ஓடுகிறவர்தான், பந்து குறி தப்புகிறது என்ற புகாரும் இருந்தது. அவரைப் பந்து பிடிக்கப் போ என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நம் ஊரில் இந்த மாதிரிச் சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கிரிக்கெட்டில் நாமும் இதைத்தானே செய்தோம்? கேப்டன் என்றால் பேட்ஸ்மேன். வேகப்பந்து வீசுகிறவன் உழைப்பாளி, அவ்வளவுதான். கபில்தேவுக்குப் பிறகு இந்திய டெஸ்ட் அணியை ஒரு வேகப்பந்து வீச்சாளர் நடத்த 35 வருடம் ஆயிற்று. 2022-ல் பர்மிங்காமில் பும்ரா. பேட் கம்மின்ஸ் 2021-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கேப்டன் ஆனபோது அங்கேயும் இதே முணுமுணுப்பு. 2023 நவம்பரில் அகமதாபாத்தில் அவர் என்ன செய்தார் என்று நினைவுபடுத்தி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க மாட்டேன்.

பெரியவர் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. உடம்பு. 2012-ல் வாஷிங்டனுக்கு ராபர்ட் கிரிஃபின் வந்தபோது ஊரே கொண்டாடியது. முதல் சீசனிலேயே 815 யார்டு ஓடி, சிறந்த புதுமுகம் ஆனார். டிசம்பரில் முழங்காலில் அடி. 2013 ஜனவரியில் நாக்-அவுட் ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே ஆடினார். கடைசியில் அந்தக் கால் மைதானத்திலேயே மடங்கிவிட்டது. பழைய கிரிஃபினை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. 22 வயதில் 'ஆட முடியுமா?' என்று கேட்டால் எந்தப் பிள்ளை முடியாது என்று சொல்லும்? ஜாக்சனுக்கும் 2021, 2022 இரண்டு சீசனின் கடைசிப் பகுதியும் காயத்தில் போயிற்று. பும்ராவும் 2025-ல் உடம்பை முன்னிட்டுத்தான் டெஸ்ட் கேப்டன் பதவி வேண்டாம் என்றார். ஓடுகிறவனிடம் அணியைக் கொடுத்தால், அவனை எப்போது ஓடவிடக் கூடாது என்று சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும். அது பையனின் குறை என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு குற்றச்சாட்டு, பெரிய ஆட்டத்தில் சறுக்குகிறான் என்பது. 2025 ஜனவரி வரை நாக்-அவுட்டில் ஜாக்சனின் கணக்கு 3 வெற்றி, 5 தோல்வி. இதை மூடி மறைக்க முடியாது. அந்தப் பஃபலோ ஆட்டத்தின் முதல் பாதியில் இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தார். ஆனால் கடைசி ஒன்றரை நிமிடத்தில் டச்டவுன் எறிந்து 27-25 ஆக்கியவரும் அவரே. சமன் செய்ய 2 புள்ளி வேண்டும். எறிந்தார். பந்து மார்க் ஆண்ட்ரூஸ் கைக்கு வந்து, கையில் பட்டு, நழுவியது. ஆண்ட்ரூஸ் பிடித்திருந்தால் பெரியவர் செவ்வாய்க்கிழமை என்ன சொல்லியிருப்பார்?

சரி, தலைமை என்று எதைத்தான் சொல்கிறோம்? எனக்கு ஜேலன் ஹர்ட்ஸ் ஞாபகம்தான் வரும். அவரும் ஓடுகிற ஜாதிதான். 2018 ஜனவரியில் கல்லூரி இறுதிப் போட்டி, அட்லாண்டா. அலபாமா 13-0 பின்தங்கியிருந்தது. இடைவேளையில் அவரை உட்காரவைத்து, கல்லூரியில் அவருக்கு ஜூனியரான டுவா டாகோவைலோவாவை இறக்கினார்கள். டுவா ஜெயித்துக் கொடுத்தார். நாடே பார்த்துக்கொண்டிருக்க ஹர்ட்ஸ் ஓரத்தில் நின்று கைதட்டினார். மூட்டை கட்டிக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அதே வருடம் டிசம்பர், அதே மைதானம், அதே ஜார்ஜியா அணி. டுவாவுக்கு அடிபட்டது. ஹர்ட்ஸ் எழுந்து வந்து 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார். கடைசி டச்டவுன் அவரே ஓடியது.

அப்புறம் என்.எஃப்.எல்.லில் 53-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். 2023 பிப்ரவரி சூப்பர் பௌலில் 3 டச்டவுன் ஓடியும், அவர் கைநழுவிய ஒரு பந்து எதிரணிக்கு டச்டவுன் ஆகி, 38-35 தோல்வி. 2025 பிப்ரவரியில் அதே கான்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்றார். ஆட்ட நாயகன் அவர்தான். ஓடியது 72 யார்டு, சூப்பர் பௌலில் எந்தக் குவார்ட்டர்பேக்கும் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. ஓடுகிறவன் கோப்பை வாங்க மாட்டான் என்ற வாதம் அன்றைக்கே முடிந்தது என்பேன்.

அந்த வாரப் போனில் இதைச் சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "யுனைட்டஸையும் முதல்ல ஒரு அணி, ஒரு ஆட்டம்கூட ஆடவிடாம அனுப்பிச்சுட்டாங்க, தெரியுமா?" என்றார். 1955-ல் பிட்ஸ்பர்க். அப்புறம் கட்டட வேலை பார்த்துக்கொண்டு, சொற்பக் காசுக்கு உள்ளூர் அணியில் ஆடிக்கொண்டிருந்தவரைத்தான் பால்டிமோர் கூப்பிட்டது. எனக்கு அது தெரியாது. அவர் ஏன் அதை அன்றைக்குச் சொன்னார் என்று நானும் கேட்கவில்லை. அதற்குள் யாரோ 'போன வார ரிப்போர்ட் என்னாச்சு?' என்று ஆரம்பித்துவிட்டார்கள்.