பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் (முடிந்தால்)

உங்கள் அப்பா, அம்மா செல்போனுக்கு மாதம் நாலு தடவையாவது ஒரு மெசேஜ் வரும். பின் நம்பர், ஓ.டி.பி. எதையும் யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கி ஊழியரே கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று. அதை அனுப்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பி.காம். முடித்து வங்கிக்குள் நுழைந்து இருபது வருஷம் ஆகிறது. நல்ல அறிவுரைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மெசேஜையே படிக்க முடியாதவர் என்ன செய்வார்? பக்கத்தில் இருப்பவரிடம் போனை நீட்டி "என்ன வந்திருக்கு பாருப்பா" என்பார். ஓ.டி.பி. வந்தாலும் அதே கதைதான்.

இந்தப் பதிவின் மேட்டரே அதுதான். சொல்லாதே என்று எழுதுவதும் நாங்கள்தான், சொல்லாமல் காரியம் ஆகாதபடி மெஷினைச் செய்து வைத்திருப்பதும் நாங்கள்தான்.

முழுக்கப் பார்வை இல்லாதவர்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நம் வீடுகளில் அதிகம் இருப்பது குறைப்பார்வை. கண்ணாடி போட்டாலும் ஒரு அளவுக்கு மேல் தெரியாது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்குத் தனியாகவே கணக்கு வைத்திருக்கிறது. இரண்டில் நல்ல கண்ணில், கண்ணாடியோடு, 6/18-க்குக் கீழே 3/60 வரை. மற்றவர் 18 மீட்டர் தள்ளி நின்று படிப்பதை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்பது முதல் கணக்கு. 60 மீட்டரில் தெரிவதற்கு 3 மீட்டர் வரை வரவேண்டும் என்பது அடுத்தது. கிளாக்கோமா வந்தவருக்கு ஓரம் போய் நடு மட்டும் மிஞ்சும், குழாய் வழியாகப் பார்ப்பது போல. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவருக்கு நேர் எதிர். தெருவில் தடுக்காமல் நடப்பார், தூரத்தில் வருவது யாரென்று நடையை வைத்தே சொல்வார், ஆனால் எழுத்தைப் பார்த்தால் அது இருக்கிற இடத்தில் ஒரு புகை. "நல்லாத்தானே நடந்து வர்றாரு, கண்ணு தெரியாதுன்னு சும்மா சொல்றாரு" என்று கவுண்டரில் பேச்சு வாங்குவது இவர்கள்தான்.

எனக்கு ஊர் கும்பகோணம் பக்கம். டிரான்ஸ்பரில் திருவனந்தபுரம் வந்தவன், இங்கேயே தங்கிவிட்டேன். சாலை பஜாரில் நம்மவர்கள் நிறைய. அங்கே முப்பது வருஷம் கடை நடத்தி ஓய்ந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் எங்கள் கிளைக்கு வருவார். கிளாக்கோமா. பெரிய பெரிய கணக்கையெல்லாம் மனசிலேயே போடுகிற மனிதர், ஏ.டி.எம். வாசலில் ஆட்டோக்காரரிடம் கார்டையும் நம்பரையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதறிப்போய்க் கேட்டேன், "என்ன அண்ணாச்சி, நம்பரை வெளி ஆள்கிட்ட கொடுக்கலாமா?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுதிய சார்? முன்னாடி இருந்த மெஷின்ல பட்டனைத் தடவிப் பார்த்து அடிச்சிருவேன். இப்ப எல்லாம் வழவழன்னு கண்ணாடியால்லா இருக்கு. அதுல வெளிச்சம் பட்டு என் மூஞ்சிதான் தெரியுது."

என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதில் இருக்கிற விஷயத்தைக் கொஞ்சம் பாருங்கள். பட்டன் வைத்த மெஷினில் 5-ம் நம்பர் மேல் சின்னதாய் ஒரு புள்ளி மேடாக இருக்கும். அதைத் தொட்டுவிட்டால் மேலே 2, கீழே 8 என்று விரல் தானாகப் போகும். ஒரு பைசா செலவில்லாத ஏற்பாடு. நாம் யாரும் அதைக் கவனித்ததுகூடக் கிடையாது, ஏனென்றால் நமக்குத் தேவைப்படவில்லை. தொடுதிரை வந்ததும் புள்ளி போய்விட்டது. கடைகளில் கார்டு தேய்க்கிற மெஷினும் பல இடங்களில் இப்போது வெறும் கண்ணாடிப் பலகை. நெட் பேங்கிங்கில் இன்னொரு கூத்து. பாதுகாப்புக்காம், ஒவ்வொரு தடவையும் எண்கள் இடம் மாறி உட்காரும். திருடனுக்கு அது எவ்வளவு கஷ்டமோ தெரியாது, அண்ணாச்சிக்கு ரொம்பக் கஷ்டம்.

நிற்க. சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் தாராளமாக. பார்வை இல்லை என்ற காரணத்தைச் சொல்லி செக் புத்தகமோ ஏ.டி.எம். கார்டோ லாக்கரோ மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சுற்றறிக்கை விட்டது. 2014 ஜூலை முதல் புதிதாக வைக்கிற எல்லா ஏ.டி.எம்.மும் பேசும் மெஷினாக, பிரெய்ல் பட்டனோடு இருக்கவேண்டும் என்றது. இயர்போனைச் செருகினால் என்ன அழுத்தவேண்டும் என்று காதில் சொல்லும். சரி, செருகுவதற்கு வயர் வைத்த இயர்போன் யாரிடம் இருக்கிறது இப்போது? எல்லாம் புளூடூத் ஆகிவிட்டது :-) செருகினாலும் நம்மவர்களுக்கு அடுத்த சிக்கல் மொழி. இங்கே மெஷின்களில் பெரும்பாலும் மலையாளம், இந்தி, ஆங்கிலம். அண்ணாச்சி மலையாளம் பொளந்து கட்டுவார், வியாபாரி ஆயிற்றே. பேரனைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பாட்டிக்கு மூன்றும் ஒன்றுதான்.

அதே 2014 உத்தரவில் குறைப்பார்வைக்காரர்களுக்கென்றே ஒரு வரி இருக்கிறது. எல்லாக் கிளைகளிலும் பூதக்கண்ணாடி வைக்கவேண்டும், வைத்திருப்பதாக எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதிப் போடவும் வேண்டும். எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? எங்கள் கிளையில் பேனாவைக் கட்டுகிற மாதிரி அதையும் நூலில் கட்டிக் கவுண்டரில் தொங்கவிட்டிருக்கிறோம். தினமும் யாராவது எடுக்கிறார்கள், குறைப்பார்வை இல்லாதவர்களும்தான். நான் போய்ப் பார்த்த இன்னொரு கிளையில் (பெயர் வேண்டாம்) பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. இன்ஸ்பெக்ஷனுக்கு எடுத்துக் காட்டுவார்களாம்.

நோட்டு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பழைய வரிசையில் 100 ரூபாய் நோட்டு 157 மில்லிமீட்டர் நீளம், 500 ரூபாய் 167. பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரல் கண்டுபிடித்துவிடும். 2016-க்குப் பிறகு வந்த வரிசையில் 100-க்கு 142, 200-க்கு 146, 500-க்கு 150. நாலே நாலு மில்லிமீட்டர். இருபது வருஷமாக நோட்டு எண்ணுகிற என் விரலுக்கே அது தெரியாது. அதற்கு மருந்தாக 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்று ஒரு ஆப் கொண்டுவந்தது. நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், இன்டர்நெட்டும் வேண்டாம். நல்ல வேலைதான். ஆனால் மீன் சந்தையில் ஒரு கையில் பை, ஒரு கையில் போன், நோட்டை எந்தக் கையில் பிடிப்பது? 2019-ல் வந்த 20 ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு முனை. தொட்டாலே தெரியும், ஆப் எதுவும் வேண்டாம். எனக்குப் பிடித்தது அந்த வழி.

இதே ஊரில் இருக்கிற சி-டாக் மலையாள எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள் செய்தது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இளைஞர் ஒருவர் ஆரம்பித்த என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பான் இன்றும் இலவசம். இன்றைய செல்போன் தமிழையே வாசித்துக் காட்டுகிறது. ஆக, முடியாதது என்று எதுவும் இல்லை. மெஷின் வாங்குகிறவரும் ஆப் செய்யச் சொல்கிறவரும் நாற்பது வயதுக்குள், நல்ல கண்ணோடு, ஏ.சி. அறையில் உட்கார்ந்து 'சூப்பரா இருக்கு' என்கிறார்கள். அவ்வளவுதான் பிரச்சினை. வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து அவர்களுக்கு நாகரிகம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 வித்தியாசம் வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட இணையதள அளவுகோல். அதற்கு ஆராய்ச்சி வேண்டாம், நிறத்தை மாற்றினால் போதும்.

2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் வசதிகளை அணுகுவது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றே சொல்லிவிட்டது. வழக்கு வந்தது, கணக்கு தொடங்கும்போது கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்கிற கே.ஒய்.சி.யால். ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்ணால் எப்படிச் சிமிட்ட முடியும்? கூடவே பார்வையற்ற வக்கீல் ஒருவரின் மனுவும். இருபது கட்டளைகள் போட்டிருக்கிறார்கள். சிமிட்டத்தான் வேண்டும் என்று இனி ஒரு வங்கியும் பிடிவாதம் பிடிக்க முடியாது.

துபாய், சிங்கப்பூர், நியூஜெர்சி என்று உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் புது போன் வாங்கி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் நல்லதா, கேமரா எத்தனை என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, அதன் பிறகு அப்பாவின் வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள். சில ஆப்களில் எழுத்து பெரிதானதும் 'அனுப்பு' பட்டன் திரைக்கு வெளியே போய்விடுகிறது. அப்படியானால் அந்த வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன். லீவில் போகும்போது அப்பாவோடு கிளைக்குப் போய் "பூதக்கண்ணாடி இருக்கா சார்?" என்று கேளுங்கள். சாதாரணமாகக் கேட்டால் போதும். பீரோ சாவி எங்கே என்று தேட ஆரம்பிப்பார்கள்.

டிஸ்கி: மேலே இருப்பது என் சொந்தக் கருத்து. எனக்குச் சம்பளம் கொடுக்கிற வங்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அண்ணாச்சி இப்போது செக் எழுதித்தான் பணம் எடுக்கிறார். வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது, ஆனால் நம்பர் அவரோடு இருக்கிறது.