மறந்தது யார்?

மெயில் புரோகிராம் திரும்பத் திரும்ப பாஸ்வேர்டு கேட்கிறதா? அக்கவுண்டை அழிப்பது கடைசி வேலை. பூட்டு எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

களியக்காவிளைச் சந்தையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வடக்கே போனால் கேரளம். கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கியது. அந்தத் தாலுகாவின் தெற்குக் கோடியில் இருக்கும் பாறசாலையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம் என்று வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். ஒரு கீபோர்டில் மூன்று மொழி. ஒரு சட்டைப் பையில் இரு மாநிலத்து சிம் கார்டுகள்.

இந்த இரட்டை வாழ்க்கை ஈ-மெயிலிலும் வந்து இடிக்கிறது. நேற்று வரை தானாகத் திறந்த மெயில் புரோகிராம் இன்று காலை பாஸ்வேர்டு கேட்கிறது. அடித்துக் கொடுத்தால் ஏற்பதில்லை. ஏற்றாலும் மறுநாள் மறுபடி கேட்கிறது. 'நினைவில் வை' என்ற கட்டத்தில் டிக் போட்டும் பயனில்லை.

சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் இதே தாலுகாவில்தான் கைத்தறிக்குப் பெயர்போன பாலராமபுரம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து திருவிதாங்கூர் மன்னர் குடியேற்றிய சாலியர்கள் வளர்த்த தொழில் அது. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் ஜவுளி வியாபாரி ஒருவருக்கு இரண்டு நாள் மெயில் நின்றால் ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும். வளைகுடாவில் இருக்கும் மகன் அனுப்பிய விசா நகலும், மகளின் கல்லூரி அட்மிஷன் கடிதமும் அதே பெட்டிக்குள்தான் கிடக்கின்றன.

பதற்றத்தில் பலர் செய்யும் காரியம், அக்கவுண்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது. அங்கேதான் ஆபத்து. பழைய 'பாப்' முறையில் அமைத்த அக்கவுண்டு, கடிதங்களை சர்வரிலிருந்து இறக்கிக்கொண்டு அங்கே அழித்துவிடுவது வழக்கம். அந்தக் கடிதங்களுக்கு உலகத்திலேயே ஒரே பிரதிதான்: அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க். அக்கவுண்டோடு சேர்த்து அதன் ஃபைல்களையும் நீக்கினால் பத்து வருடக் கணக்கு வழக்கு ஒரே கிளிக்கில் போய்விடும். 'ஐமேப்' முறையில் கடிதங்கள் சர்வரிலேயே தங்குவதால் இந்தப் பயம் குறைவு. எந்த முறை என்று தெரியாதவர்கள் புரோகிராமை மூடிவிட்டு, மெயில் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்த பிறகே எதிலும் கை வைக்க வேண்டும்.

பெட்டியும் சாவியும்

மெயில் புரோகிராம் பாஸ்வேர்டை யாரும் படிக்கும்படி எழுதி வைப்பதில்லை. ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டுகிறது. பூட்டைத் திறக்கும் சாவி வேறிடத்தில் இருக்கிறது. சேமிப்புக் கோளாறுகளில் பெரும்பாலானவை பெட்டிக்கும் சாவிக்கும் பொருத்தம் கெட்டதால் வருபவை.

தண்டர்பேர்டு புரோகிராமில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 'லாகின்ஸ் டாட் ஜேசன்' என்ற ஃபைல் பெட்டி. 'கீ4 டாட் டிபி' என்ற ஃபைல் சாவி. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர் முதல் ஃபைலை மட்டும் நகல் எடுத்துக் கொண்டுபோனால் பெட்டி திறக்காது. இரண்டையும் ஜோடியாகத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். மின்சாரம் திடீரென்று நின்று ஃபைல் சிதைந்தாலும், டிஸ்கில் இடமே இல்லாமல் போனாலும் புதிய பாஸ்வேர்டு பதிவாகாது.

வைத்தியம் எளிது. புரோகிராமை மூடிவிட்டு இரண்டு ஃபைல்களின் பெயரையும் மாற்றி வைக்க வேண்டும். அழிக்கக் கூடாது. மறுபடி திறந்தால் தண்டர்பேர்டு புதுப் பெட்டியும் புதுச் சாவியும் செய்துகொள்ளும். பாஸ்வேர்டை ஒருமுறை அடித்தால் போதும். பழைய கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது. அவை வேறு ஃபைல்களில் இருக்கின்றன.

விண்டோஸில் ஓடும் அவுட்லுக் இந்த வேலையை விண்டோஸிடமே ஒப்படைக்கிறது. கண்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' என்று இருப்பதுதான் அந்தப் பெட்டி. அங்கே பழைய பதிவு ஒன்று கிடந்து புதியதோடு மோதலாம். அந்த மெயில் அக்கவுண்டுக்கு உரிய பதிவை மட்டும் நீக்கிவிட்டு அவுட்லுக்கைத் திறந்தால் அது புதிதாகக் கேட்டுப் பதிந்துகொள்ளும்.

விண்டோஸ் பெட்டியின் சாவியோ கம்ப்யூட்டரைத் திறக்கும் பாஸ்வேர்டிலேயே கட்டப்பட்டிருக்கிறது. அதனால் ஒரு விசித்திரம். பழைய பாஸ்வேர்டு தெரிந்தவர் முறைப்படி புதியதாக மாற்றினால் சாவியும் கூடவே மாறும். மறந்துபோய், ரிப்பேர்காரரோ பக்கத்து வீட்டுப் பையனோ நிர்வாகி உரிமையில் நுழைந்து புதிய பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தால் சாவி பழையதாகவே நிற்கும். கம்ப்யூட்டர் திறக்கும். உள்ளே சேமித்த மெயில் பாஸ்வேர்டுகள் திறக்காது. ரிப்பேருக்குப் போய் வந்த கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று புகார் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சில சமயம் குற்றம் வீட்டில் இல்லை. 2020-ல் வெளிவந்த விண்டோஸ் 10-ன் 2004-ம் பதிப்பில் அவுட்லுக் முதலான புரோகிராம்கள் சேமித்த பாஸ்வேர்டை மறந்தன. பின்னணியில் தானாக ஓடும் சில வேலைகளே காரணம் என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டு, பிறகு திருத்தமும் வெளியிட்டது. அந்தத் திருத்தத்தை இறக்காத பழைய மெஷினில் கோளாறு இன்னும் இருக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்

கேரள அரசுப் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே லினக்ஸ். 2001-ல் 'ஐடி அட் ஸ்கூல்' என்று தொடங்கி இன்று 'கைட்' என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் தொகுப்பு தயாரித்துத் தருகிறது.

க்னோம் திரை கொண்ட லினக்ஸில் 'கீரிங்' என்ற சாவிக்கொத்து உண்டு. எவல்யூஷன் போன்ற மெயில் புரோகிராம்கள் அதில்தான் பாஸ்வேர்டை மாட்டி வைக்கின்றன. ஆசிரியர் தன் லாகின் பாஸ்வேர்டை மாற்றுகிறார். வேறு யாராவது நிர்வாகி உரிமையில் மாற்றிக் கொடுத்திருந்தால் சாவிக்கொத்து பழைய பாஸ்வேர்டையே எதிர்பார்த்து நிற்கும். 'சாவிக்கொத்து திறக்கப்படவில்லை' என்று ஒவ்வொரு முறையும் ஒரு ஜன்னல் வரும். பாஸ்வேர்டு கேட்காமலே கம்ப்யூட்டர் தானாகத் திறக்கும்படி அமைத்திருந்தாலும் இதே கதைதான். வாசலில் யாரும் சாவி கொடுக்காததால் உள்ளறை பூட்டியே இருக்கும்.

'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்' என்ற புரோகிராமைத் திறந்து, 'லாகின்' என்ற சாவிக்கொத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, பாஸ்வேர்டு மாற்றும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழையதைக் கொடுத்து, இப்போதைய லாகின் பாஸ்வேர்டையே புதியதாகக் கொடுத்தால் தீர்ந்தது. பழையது ஞாபகமில்லை என்றால் அந்தச் சாவிக்கொத்தை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது தவிர வழியில்லை.

சர்வர் கதவை அடைத்தால்

பெட்டியும் சாவியும் ஒழுங்காக இருந்தும் மெயில் வராமல் போகலாம். பாஸ்வேர்டு சரி, அது செல்லாது என்ற நிலை. 2022 மே 30-லிருந்து தனிநபர் ஜிமெயில் அக்கவுண்டுகளில், வெளிப் புரோகிராம்கள் வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து நுழைவதை கூகிள் நிறுத்தியது. அவுட்லுக் டாட் காம் அக்கவுண்டுகளில் மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16-ல் அதையே செய்தது. புரோகிராம் சொல்வதென்னவோ 'பாஸ்வேர்டு தவறு' என்றுதான். நூறு முறை சரியாக அடித்தாலும் அதே பதில்.

இப்போதைய முறைக்கு 'ஓஆத்2' என்று பெயர். புரோகிராம் ஒரு ஜன்னலைத் திறக்கிறது. அதில் கூகிளிடமோ மைக்ரோசாஃப்ட்டிடமோ நேரடியாக அடையாளம் காட்ட வேண்டும். அவர்கள் ஓர் அனுமதிச் சீட்டு தருகிறார்கள். பெட்டியில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக அந்தச் சீட்டு வைக்கப்படுகிறது. தண்டர்பேர்டில் இதற்கு 'குக்கீ'களை அனுமதித்திருக்க வேண்டும். வரும் மெயில், போகும் மெயில் இரண்டின் சர்வர் அமைப்பிலும் 'ஓஆத்2' என்று மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தவர்களுக்கு மெயில் வரும், ஆனால் போகாது.

ஓஆத் தெரியாத புரோகிராம்களுக்கு கூகிள் 'ஆப் பாஸ்வேர்டு' என்ற 16 எழுத்துச் சொல்லைத் தருகிறது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை முதலில் இயக்கியிருந்தால்தான் அது கிடைக்கும். கூகிள் அக்கவுண்டின் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் ரத்தாகிவிடும். மொபைலில் பாஸ்வேர்டை மாற்றியவருக்கு மறுநாள் கடைக் கம்ப்யூட்டரில் மெயில் நின்றுபோவதன் ரகசியம் இதுவே.

எல்லைக்கே உரிய இரண்டு

முதலாவது கீபோர்டு. தமிழ்99 முறை 1999-ல் வந்தது. 'இன்ஸ்கிரிப்ட்' முறையிலோ தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஏறக்குறைய ஒரே விசைகள்தான். இரு மொழியிலும் எழுதுபவர்களுக்கு அது வசதி. பாஸ்வேர்டு கட்டத்தில் அதுவே வினை. திரையில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் கீபோர்டு தமிழில் நிற்கிறதா, மலையாளத்தில் நிற்கிறதா, ஆங்கிலத்தில் நிற்கிறதா என்று தெரியாது. பாஸ்வேர்டை ஒரு வெற்றுப் பக்கத்தில் அடித்துப் பார்த்து, உடனே அழித்துவிட்டால் சந்தேகம் தீரும். கேப்ஸ் லாக்கையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டாவது சிம் கார்டு. கூகிளும் மைக்ரோசாஃப்ட்டும் அனுப்பும் சரிபார்ப்பு எண், அக்கவுண்டில் பதிந்த நம்பருக்குத்தான் போகும். கேரளம் ஒரு தொலைத்தொடர்பு வட்டம், தமிழகம் இன்னொன்று. எல்லையில் இரண்டு சிம் வைத்திருந்தவர்களில் பலர் ஒன்றைக் கைவிட்டிருப்பார்கள். கைவிட்ட நம்பர் சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். அந்த நம்பர்தான் அக்கவுண்டில் பதிந்திருக்கிறது என்றால் மெயிலின் மாற்றுச் சாவி முகம் தெரியாதவர் கையில் இருக்கிறது என்று பொருள். சிம்மை மாற்றும் முன் அக்கவுண்டில் நம்பரை மாற்ற வேண்டும்.

இன்னொன்று, எல்லா ஊருக்கும் பொது. பழைய மெஷினில் மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும். இணைப்பு அறுந்து, புரோகிராம் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். திரையின் மூலையில் உள்ள கடிகாரத்தைப் பார்த்துவிட்டால் பாதிப் பேருக்கு ரிப்பேர் செலவு மிச்சம்.

யார் பெட்டி?

கடைசியாக ஒரு கேள்வி. பாஸ்வேர்டைச் சேமிக்கத்தான் வேண்டுமா? வீட்டுக் கம்ப்யூட்டரில் சேமிக்கலாம். டிடிபி கடையிலும் சேவை மையத்திலும் கூடாது. தண்டர்பேர்டில் 'பிரைமரி பாஸ்வேர்டு' என்ற மேல்பூட்டு போடாவிட்டால், அந்த நாற்காலியில் உட்காரும் யாரும் சேமித்த பாஸ்வேர்டுகளைச் சில கிளிக்கில் படித்துவிடலாம். மேல்பூட்டு போட்டு அதையே மறந்தாலோ, சேமித்த அத்தனையையும் இழந்துதான் புதிதாகத் தொடங்க முடியும்.

இன்னொருவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, ரூ. 1 லட்சம் வரை அபராதம். மெயில் வழியாகப் பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் அந்த எண் ஒன்றே.