சாட்சியின் மௌனத்துக்கு யார் பொறுப்பு?

பகடிவதை பற்றிய ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் நம் பேராசிரியர்கள் ஒரே கேள்வியை எழுப்புகிறார்கள்: "இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே, ஒருவருக்குமா வாய் திறக்கவில்லை?" 2024 பிப்ரவரியில் வயநாட்டின் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதியில், பலர் அறியத் தாக்கப்பட்ட மாணவர் ஒருவர் இறந்துகிடந்தபோதும் இதே கேள்விதான். கேள்வி நியாயமானது. கேட்பவர்களுக்கு அதைக் கேட்கும் தகுதி உண்டா என்பதே என் ஐயம்.

உளவியலைத் துணைக்கழைப்பது இங்கு வழக்கமாகிவிட்டது. லட்டானேயும் டார்லியும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், அறைக்குள் புகை நுழைந்தபோது தனித்திருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்துசென்று தெரிவித்தனர். அசையாதிருக்கும்படி முன்னரே சொல்லிவைக்கப்பட்ட இருவருடன் அமர்ந்திருந்தவர்களில் 10 விழுக்காட்டினரே தெரிவித்தனர். ஆகவே மௌனம் கூட்டத்தின் இயல்பு என்று முடித்துவிடுகிறோம். நான் வேறுவிதமாக வாசிக்கிறேன். அவ்விருவரும் தற்செயலாக அமர்ந்தவர்கள் அல்லர்; அமர்த்தப்பட்டவர்கள். நம் வளாகங்களில் அவ்விருக்கைகளில் இருப்போர் விடுதிக் காப்பாளரும் துறைத் தலைவரும்தான்.

முதுகலை முதலாண்டில், என் வகுப்புத் தோழனை நள்ளிரவு தாண்டியும் நிற்கவைத்து இழிவுபடுத்தியதை நான் பார்த்தேன், பேசவில்லை. அதற்கு முந்தைய மாதம் புகார் எழுதிய மாணவனை அழைத்த காப்பாளர், குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் முன்னிலையிலேயே அக்கடிதத்தை வாசிக்கச் செய்திருந்தார். விடுதி முழுதும் அதை அறிந்திருந்தது. என் மௌனம் கோழைத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கற்பிக்கப்பட்ட கோழைத்தனம்.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. தமிழ்நாடு 1997இலேயே தடைச் சட்டம் இயற்றியது. புகாரைப் புறக்கணிக்கும் நிறுவனத் தலைவரைக் குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதுகிறது கேரளத்தின் 1998ஆம் ஆண்டுச் சட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளோ, கல்வியாண்டின் முதல் மூன்று மாதங்களில் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை புதிய மாணவரிடையே கமுக்கமான ஆய்வு நடத்தப் பணிக்கின்றன. இதை வாசிப்போரில் எத்தனை பேர் அத்தகைய ஆய்வில் பங்கேற்றிருக்கிறீர்கள்? மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் கையொப்பமிடும் உறுதிமொழிப் பத்திரத்தை மட்டும் நிறுவனங்கள் மறப்பதில்லை. மாணவரைக் கட்டும் விதி விழித்திருக்கிறது. நிறுவனத்தைக் கட்டும் விதி உறங்குகிறது.

"எங்களிடம் புகாரே இல்லை" என்பது பெருமையன்று. புகார் இல்லாத வளாகம் வன்முறையற்ற வளாகமாக இருக்கலாம். புகார் அளிக்க அஞ்சும் வளாகமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியவே அந்த ஆய்வு.

மாணவத் தோழர்களே, வீரம் காட்ட வேண்டியதில்லை. ஏதேனும் சாக்குச் சொல்லி அந்த அறையிலிருந்து ஒருவரை வெளியே அழையுங்கள். மறுநாள் அவருடன் அமருங்கள். கண்டதை நாளும் நேரமும் குறித்து எழுதிவையுங்கள். 1800-180-5522 என்னும் தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

நிறுவனங்களிடம் கேட்பது மூன்று. சாட்சியின் பெயரைக் காத்திடுங்கள். விடுதி மாற்ற வேண்டுமெனில் புகார் அளித்தவரை அன்று, குற்றஞ்சாட்டப்பட்டவரை மாற்றுங்கள். புகாரை அமுக்கிய அலுவலர் மீதும் விசாரணை நடத்துங்கள்.

சாட்சிகள் பேசவில்லையே என்று இனி வியக்க வேண்டாம். இதற்குமுன் பேசியவருக்கு உங்கள் வளாகத்தில் என்ன நேர்ந்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.