மலையடிவாரத்தில் ஒரு நடைபாதை

 கள்ளக்குறிச்சிக்காரர்களான நாங்கள் கல்வராயன் மலைக்குப் போவதென்றால் வண்டியில்தான். கச்சிராயபாளையம் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறி, பெரியார் அருவியில் குளித்துவிட்டு இருட்டும் முன் திரும்பிவிடுகிறோம். வழியெங்கும் காடு, ஆனால் அதற்குள் பத்து நிமிடம்கூட நடப்பதில்லை. கோமுகி அணை இருக்கும் மலையடிவாரத்தில் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு மேடில்லாத மண்பாதை ஒன்று வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டியும் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்படி இருக்கவேண்டும். சிமெண்ட் வேண்டாம், வண்ண விளக்கும் வேண்டாம். இதற்கு முன்மாதிரி உண்டு: சென்னை அடையாற்றில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்காவை மீட்டெடுத்து, 2011-இல் திறந்து, நடக்க வழியும் விட்டார்கள். அங்கே காட்டை நட்டு வளர்க்க வேண்டியிருந்தது. இங்கே காடு ஏற்கெனவே நிற்கிறது. பாதையில் நம்மைக் கூட்டிப்போகிறவர்கள் இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினராகவே இருக்கட்டும். 1976 வரை ஜாகிர்தார்கள் என்ற பரம்பரை நிலக்கிழார்களின் பிடியில் கிடந்த மலை இது; அந்தக் காலத்தை அறிந்தவர்கள் இந்தப் பழங்குடியினர். கடுக்காய் மரத்தைக் காட்டி, தேன் எடுக்கும் காலத்தைச் சொல்லி, தாத்தா காலத்துக் கதையையும் அவர்கள் சொன்னால்தான் நமக்கு இந்த மலை புரியும். அதற்கான கூலியும் அவர்கள் கைக்கே போகவேண்டும்.